சோற்றைக் குறைத்தேன், தினமும் நடந்தேன், நாலே மாதத்தில் எல்லாம் நின்றுபோனது

ஈரோட்டுக் கணக்கர் | ஜனவரி 21, இரவு 10.15

வணக்கம். எனக்கு 46 வயது. ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். காலை ஒன்பதரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் இரவு எட்டரைக்குத்தான் எழுந்திருப்பேன். திங்கட்கிழமை சந்தை இரவு என்றால் நள்ளிரவு தாண்டிவிடும்.

போன ஜூனில் ரத்தப் பரிசோதனை செய்தேன். எச்பிஏ1சி, அதாவது ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, 6.2. வெறும் வயிற்றில் 112. உயரம் 167 செ.மீ., எடை 78 கிலோ, இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ. மருத்துவர் மாத்திரை எழுதவில்லை. "நடங்க, சாப்பாட்டைக் கட்டுப்படுத்துங்க, ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்றார்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். நாலே முக்காலுக்கு அலாரம், வ.உ.சி. மைதானத்தில் முக்கால் மணி நேர நடை. இரவில் சோற்றை அடியோடு விட்டுச் சப்பாத்தி. டீயில் சர்க்கரை கிடையாது. செப்டம்பர் கடைசியில் 73 கிலோவுக்கு வந்தேன். பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட வேண்டியிருந்தது.

அப்புறம் தீபாவளி வியாபாரம் வந்தது. வீட்டுக்கு வர இரவு பன்னிரண்டு ஆகும். காலையில் எழ முடியவில்லை. முதல் நாள் நடை விட்டுப்போனது உறுத்தியது, நாலாவது நாள் உறுத்தவில்லை. கடையில் வாங்கி வைக்கும் மிக்சரும் ஜிலேபியும் மேஜை மேலேயே கிடந்தன. தீபாவளி முடியட்டும் என்றேன். கார்த்திகை வந்தது, பொங்கலும் போய்விட்டது. போன வாரம் பார்த்தால் 6.3. எடை 77.

எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று வாட்ஸ்அப்பில் வண்டி வண்டியாக வந்துகொண்டிருக்கிறது. நான் கேட்பது வேறு. மூன்று வருடம், ஐந்து வருடம் விடாமல் கடைப்பிடிப்பவர்கள் இங்கே இருப்பீர்கள். உங்களுக்கு எப்படி நிற்காமல் ஓடுகிறது? என் அப்பாவுக்கு 58 வயதில் சர்க்கரையால் கால் விரல் இரண்டை எடுத்தார்கள். நான் கேட்பதற்கு அதுதான் காரணம்.


திண்டுக்கல் செவிலி | ஜனவரி 21, இரவு 10.52

தம்பி, நான் 31 வருடம் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பாவின் காலை நினைத்துப் பயப்படுவது நியாயம்தான். ஆனால் நீங்கள் நிற்கும் இடம் வேறு. 5.7க்குக் கீழே இருந்தால் சாதாரணம். 5.7 முதல் 6.4 வரை முன்நிலை. 6.5 ஆனால்தான் சர்க்கரை நோய். 2023இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு நோய் இருக்கிறது, உங்களைப் போல முன்நிலையில் 13 கோடிக்கும் மேல். அந்த 13 கோடியில் பெரும்பாலோருக்குத் தங்கள் எண்ணே தெரியாது. உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

நடையும் சாப்பாடும் உண்மையிலேயே உதவுமா என்று வார்டில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நம் ஊர் உடம்பை வைத்தே பார்த்திருக்கிறார்கள். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு முன்நிலையில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டு நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. பொதுவான அறிவுரை மட்டும் கேட்டவர்களில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேர் நோயாளி ஆகிவிட்டார்கள். நடையையும் சாப்பாட்டையும் மாற்றியவர்களில் அது 39 சதவீதம். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்பார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 40.5. ஆக நடை ஒரு மாத்திரை அளவுக்கு வேலை செய்தது. மாத்திரையும் நடையும் சேர்ந்தும் அதைவிடப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

நான் இதில் கவனிப்பது இன்னொன்று. அவர்களை யாரும் பட்டினி போடவில்லை, மலை ஏற்றவில்லை. உட்கார்ந்த வேலைக்காரர்களைத் தினம் அரை மணி நேரம் வேகமாக நடக்கச் சொன்னார்கள். சர்க்கரை, மைதா, எண்ணெயைக் குறைத்து, நார்ச்சத்தைக் கூட்டச் சொன்னார்கள். அவ்வளவுதான். அதை மூன்று வருடம் செய்தார்கள்.

நீங்கள் எதையும் மாற்றுவதற்கு முன் மூன்று நாள் சாப்பிட்டதை அப்படியே எழுதி இங்கே போடுங்கள். முடிந்தால் எடை போட்டு எழுதுங்கள்.


கோவை ஓட்டக்காரர் | ஜனவரி 22, காலை 6.10

நண்பரே, நான் ஒன்பது வருடமாக ஓடுகிறேன். காலை நேரத்தை விட்டுக்கொடுத்தால் எல்லாம் போய்விடும். இரவு எத்தனை மணிக்குப் படுத்தாலும் நாலரைக்கு எழுந்துவிட வேண்டும். ஒரு மாதம் உடம்பு முரண்டு பிடிக்கும், அப்புறம் பழகிவிடும். ஒரு ஓட்டக் குழுவில் சேருங்கள். நாலு பேர் மைதானத்தில் காத்திருக்கிறார்கள் என்றால் கால் தானாக எழும்.


பள்ளிபாளையம் தறி | ஜனவரி 22, மதியம் 2.30

கோவை அண்ணா, குழு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். நாலரை மணி விஷயத்தில் முடியவில்லை. நான் விசைத்தறி ஓட்டுகிறேன். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. இரவு ஷிப்ட் முடித்து வருபவன் நாலரைக்கு எழுந்தால் தூக்கம் எங்கே? கணக்கர் அண்ணா பன்னிரண்டு மணிக்கு வந்து, சாப்பிட்டுப் படுக்க ஒரு மணி. மூன்றரை மணி நேரத் தூக்கத்தோடு நடந்தால் பகலெல்லாம் பசிக்கும், இனிப்பைத்தான் கை தேடும். நான் பட்டிருக்கிறேன்.

எனக்கு நாலு வருடமாக நிற்காமல் ஓடுவது சாப்பாட்டுக்குப் பின் நடை. காலைச் சாப்பாடு, மதியம், இரவு, ஒவ்வொன்றுக்கும் பின் பத்திலிருந்து பதினைந்து நிமிடம். இதற்கென்று எழ வேண்டாம், ஷூ மாட்ட வேண்டாம், மைதானம் வேண்டாம். சாப்பாடு தினமும் உண்டு அல்லவா, அதோடு நடையைக் கட்டிவிட்டேன். கை கழுவியதும் செருப்பை மாட்டிக்கொண்டு எங்கள் சந்தில் வாய்க்கால் பாலம் வரை போய்த் திரும்புவேன்.

சாப்பிட்டபின் ரத்தத்தில் சர்க்கரை ஏறும் நேரத்தில்தான் கால் தசை வேலை செய்கிறது. வேலை செய்யும் தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்று எனக்கு விளக்கினார்கள். நானே வீட்டுக் கருவியில் பார்த்தேன். ஒரே அளவு சோறு, ஒரே குழம்பு. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்த நாள் 192. நடந்த நாள் 154. அந்த இரண்டு எண்ணையும் பார்த்த பிறகு யாரும் என்னிடம் நடக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.


ஈரோட்டுக் கணக்கர் | ஜனவரி 25, இரவு 9.40

மூன்று நாள் எழுதினேன். சமையலறைத் தராசு ஒன்று வாங்கினேன். மூன்று நாளும் ஏறக்குறைய ஒன்றுதான்.

காலை: இட்லி 5, தேங்காய்ச் சட்னி.
11 மணி: டீ, இரண்டு பிஸ்கட்.
மதியம்: சோறு 450 கிராம், சாம்பார், ரசம், மோர். பீன்ஸ் பொரியல்.
மாலை: டீ, ஒரு பப்ஸ் அல்லது இரண்டு போண்டா.
இரவு 10 மணி: சப்பாத்தி 4, உருளைக்கிழங்கு குருமா.

அந்தப் பீன்ஸ் பொரியலை எடை போட்டபோது 40 கிராம் என்று காட்டியது. தராசு கெட்டுவிட்டதோ என்று ஒரு ரூபாய் நாணயங்களை வைத்துப் பார்த்தேன். தராசு சரியாகத்தான் இருந்தது. நான் தினமும் காய் சாப்பிடுகிறேன் என்று மருத்துவரிடம் சொல்லியிருக்கிறேன். சோற்றின் ஓரத்தில் ஒரு கரண்டி வைத்துக்கொண்டு அதைத்தான் காய் என்று நினைத்திருக்கிறேன்.


மதுரை மாணவி | ஜனவரி 25, இரவு 11.20

அண்ணா, நான் உணவியல் படிக்கிறேன். உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் புதிய உணவு வழிகாட்டி வெளியிட்டது. ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படுபவருக்கு அவர்கள் சொல்லும் அளவு, சமைக்காத எடையில்: தானியம் 250 கிராம், காய் கீரை 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு பயறு (அல்லது முட்டை, மீன், இறைச்சி) 85 கிராம், கொட்டைகளும் எள் போன்ற விதைகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி.

உங்கள் 450 கிராம் சோறு ஏறக்குறைய 160 கிராம் அரிசி. சப்பாத்தி நாலுக்கு மாவு 120 கிராம். இட்லி ஐந்துக்கு அரிசி உளுந்து 80 கிராம் என்று வைத்தால் மொத்தம் 360 கிராம். பப்ஸ், போண்டா, பிஸ்கட் இதில் சேரவில்லை. காயில் குருமாவின் உருளைக்கிழங்கை விட்டால் 40 கிராம்தான்! சாம்பாரில் இருக்கும் பருப்பு ஒரு பிடிகூடத் தேறாது.

இரவில் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறியது பெரிய தியாகமாகத் தோன்றியிருக்கும். ஆனால் நாலு சப்பாத்தியின் மாவுச்சத்து உங்கள் பழைய இரவுச் சோற்றுக்குக் குறைந்ததாக இருக்காது. கோதுமை ஒரு தானியம், அரிசி ஒரு தானியம். அளவு குறைந்தால்தான் மாற்றம். சோற்றை வெறுக்க வேண்டியதே இல்லை. நம் ஊரில் பிறந்தவர் சோறு இல்லாமல் எத்தனை நாள் இருப்பார்? மதியம் சோறு 200 கிராம், காய் 200 கிராம், ஒரு கிண்ணம் கட்டியான பருப்பு அல்லது பயறு. முதலில் காயையும் பயறையும் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றில் கை வையுங்கள். அந்த வரிசையில் சாப்பிட்டால் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது.

கொங்கு நாட்டில் இருக்கிறீர்கள், கொள்ளு இருக்கிறது. நூறு கிராம் கொள்ளில் 22 கிராம் அளவுக்குப் புரதம். கொள்ளுப் பருப்பு கடைந்தது, பச்சைப்பயறு கடைசல், தட்டைப்பயறு குழம்பு எல்லாம் உங்கள் பாட்டி வீட்டுச் சாப்பாடுதான்.


சேலம் சிறுதானியம் | ஜனவரி 26, காலை 8.05

அரிசியையே விட்டுவிட்டுச் சாமை, வரகு, குதிரைவாலிக்கு மாறினால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாமே? கருப்புக் கவுனியும் நல்லது என்கிறார்கள்.


மதுரை மாணவி | ஜனவரி 26, காலை 9.30

நல்ல தானியங்கள்தான், நார் அதிகம். ஆனால் சிறுதானியத்திலும் பெரும்பங்கு மாவுச்சத்துதான். "எவ்வளவு வேண்டுமானாலும்" என்பது மட்டும் வேண்டாம். கவுனிக்கும் இதே பதில். கிலோ என்ன விலை என்று பார்த்துவிட்டு, அந்தக் காசுக்கு எத்தனை கட்டுக் கீரை வரும் என்றும் பாருங்கள்.


பெருந்துறை அடுப்படி | ஜனவரி 26, இரவு 10.30

எல்லாம் படித்தேன். நல்ல விஷயங்கள், நானும் குறித்துக்கொண்டேன். ஆனால் ஒன்று யாரும் கேட்கவில்லை. கணக்கர் தம்பி, அந்த 400 கிராம் காயை உங்கள் வீட்டில் யார் வாங்கி, யார் அரிந்து, யார் வேக வைப்பது? நாலு பேர் குடும்பம் என்றால் தினம் 1 கிலோ 600 கிராம். ஒரு கிலோ பீன்ஸ் நார் எடுத்து அரிந்து பார்த்திருக்கிறீர்களா? நாற்பது நிமிடம் ஆகும். ஒரு கட்டு முருங்கைக் கீரை ஆய்ந்து பார்த்திருக்கிறீர்களா?

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்கு 2019இல் சர்க்கரை என்று தெரிந்தது. அன்றிலிருந்து என் அடுப்படி இரண்டாகப் பிரிந்தது. அவருக்குச் சப்பாத்தி, கூட்டு. பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் சோறு, குழம்பு. அவர் ஐந்து மணிக்கு நடக்கப் போவார். அந்த நேரத்தில் நான் தண்ணீர் பிடித்து, மாவு பிசைந்து, இரண்டு டிபன் பாக்ஸ் கட்டி முடித்திருப்பேன். அவர் நடந்துவிட்டு வந்தால் வெந்தயத் தண்ணீர் தயாராக இருக்க வேண்டும். ஊரே அவரைப் பாராட்டியது. எனக்கும் பெருமைதான்.

மிஞ்சியதை நான் சாப்பிடுவேன். மூன்று மணிக்கு, அடியில் ஒட்டிய சோறும் தயிரும் ஊறுகாயும். காய் என் தட்டுக்கு வந்ததே இல்லை. வீட்டில் நாளெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறேனே, எனக்கு எதற்கு நடை என்று நினைத்தேன். 2022இல் மூட்டுவலி என்று போனபோது ரத்தம் எடுத்தார்கள். 7.1. எனக்கு அப்போது 44 வயது. மூன்று வருடமாக வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தது. ஒருநாள்கூட என் விரலில் குத்திப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை.

அதன்பிறகுதான் வீட்டை மாற்றினோம். முதல் மாற்றம், எல்லோருக்கும் ஒரே சமையல். சர்க்கரைக்காரர் சாப்பாடு என்று தனியாக ஒன்று கிடையாது. பிள்ளைக்கும் அதுதான் நல்லது. இரண்டாவது, காய் அரிவது இரவு ஒன்பது மணிச் செய்தி நேரத்தில் அவர் வேலை. முதல் வாரம் கேரட்டை விறகு மாதிரி வெட்டினார். இப்போது என்னைவிடப் பொடியாக அரிகிறார். மறுநாள் பொரியலுக்கு எல்லாம் டப்பாவில் தயாராக இருக்கும். மூன்றாவது, வாரத்துக்கு ஒருமுறை ஊற வைப்பது. ஞாயிறு இரவு கொண்டைக்கடலை, கொள்ளு, தட்டைப்பயறு மூன்றையும் ஊறப்போட்டுத் தனித்தனியாக வேக வைத்துப் பிரிட்ஜில் வைத்துவிடுவேன். மாலையில் பசி என்று யார் வந்தாலும் ஐந்து நிமிடத்தில் கடுகு தாளித்துச் சுண்டல். போண்டாவுக்குப் போன காசு மிச்சம்.

எண்ணெயையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் 27 கிராம் என்று எழுதியிருக்கிறாள். நாலு பேருக்கு மாதம் மூன்றரை லிட்டர் வரும். எங்கள் வீட்டில் ஆறு லிட்டர் தீர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கரண்டியாக அளந்துகொண்டிருக்க முடியாது. அதனால் மாதம் பிறந்ததும் மூன்றரை லிட்டரை வாங்கி வைத்துவிட்டு, தீர்ந்தால் அடுத்த மாதம்தான் என்று வைத்துக்கொண்டேன். இருபதாம் தேதிக்கு மேல் அப்பளம் சுட்டுத்தான் தருவேன்.

என் நடை மாலை ஆறரைக்கு. அந்த அரை மணி நேரம் வீட்டில் யார் என்ன கேட்டாலும் நான் இல்லை. அதை வாங்குவதற்குத்தான் ரொம்பக் கஷ்டப்பட்டேன். போன மாதம் எனக்கு 6.4, மாத்திரையோடு. அவருக்கு 6.6.

தம்பி, உங்களுக்கு ஏன் நின்றுபோனது என்று கேட்டீர்கள். நீங்கள் தனியாகச் செய்தீர்கள், அதனால்தான் என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டில் யாரும் உங்களோடு மாறவில்லை. உங்கள் மனைவிக்கு எச்பிஏ1சி எவ்வளவு?


ஈரோட்டுக் கணக்கர் | ஜனவரி 27, காலை 7.15

அக்கா, நேற்று இரவு உங்கள் பதிவைப் படித்துவிட்டு மனைவியிடம் கேட்டேன். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு அவள் ரத்தப் பரிசோதனையே செய்ததில்லை. பதினோரு வருடம் ஆகிறது. அந்தப் பிரசவத்தில் அவளுக்குச் சர்க்கரை இருந்தது, குழந்தை பிறந்ததும் சரியாகிவிட்டது என்றாள். எனக்கு அது நினைவிலேயே இல்லை. உட்கார்ந்து யோசித்துப் பார்த்தால் அப்போது நான்தான் மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.


திண்டுக்கல் செவிலி | ஜனவரி 27, காலை 8.00

தம்பி, இதைக் கொஞ்சம் அவசரமாகவே சொல்கிறேன். கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பின்னாளில் நிரந்தரமாக வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். சரியாகிவிட்டது என்று விடக் கூடாது. ஆயுள் முழுக்க ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வாரமே கூட்டிப் போங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். அவர்கள் வரும்போது ஆண்கள் மட்டும் கை நீட்டிவிட்டு, "எனக்கு ஒண்ணும் இல்லை" என்று பெண்கள் உள்ளே போய்விடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. இன்சுலினோ, கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுப்பவர்கள் நடையைக் கூட்டும்போதும் சோற்றைக் குறைக்கும்போதும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலமோ மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ இருக்கட்டும். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ வழக்கமில்லாத மூச்சுத்திணறலோ வந்தால் அதோடு நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.


தஞ்சை டிரில் மாஸ்டர் | ஜனவரி 28, மாலை 5.45

நான் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், வயது 63. இவ்வளவு நேரமும் நடை பற்றியே பேசுகிறீர்கள். தசை பற்றி ஒருவரும் பேசவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது: வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. முதல் பாதியைத்தான் நாம் காதில் வாங்கிக்கொள்கிறோம். சாப்பிட்ட சர்க்கரையைப் பெருமளவு வாங்கி வைத்துக்கொள்ளும் கிடங்கு நம் தசை. முப்பது, நாற்பது வயதுக்கு மேல் சும்மா இருந்தால் அது கரையத் தொடங்கும். கணக்கர் ஐந்து கிலோ குறைந்தாரே, சோற்றைக் குறைத்து, பயறு இல்லாமல், பயிற்சி இல்லாமல் குறைந்த அந்த ஐந்து கிலோவில் கொழுப்போடு தசையும் கொஞ்சம் போயிருக்கும்.

ஜிம் வேண்டாம். பஸ்கியும் தண்டாலும் நம் தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது. பஸ்கி போட முட்டி இடம் கொடுக்காவிட்டால் நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்திருங்கள். பத்துத் தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து. தண்டால் தரையில் வராவிட்டால் சுவரில் கை ஊன்றிச் செய்யுங்கள், அப்புறம் மேஜை விளிம்பில், அப்புறம் தரையில். 5 லிட்டர் எண்ணெய் கேன் இரண்டில் தண்ணீர் நிரப்பினால் கைக்கு ஐந்து கிலோ எடை. அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் பத்து நடை நடந்து பாருங்கள், தோள் என்ன சொல்கிறது என்று தெரியும். வாரத்தில் மூன்று நாள், இருபது நிமிடம் போதும். என் மனைவிக்கு 60 வயதில் இதைத் தொடங்கி வைத்தேன். போன மாதம் கேஸ் சிலிண்டரை அவளே நகர்த்தி மாற்றிவிட்டாள்.

இன்னொன்று, உட்கார்ந்தே இருப்பது. லண்டன் பேருந்துகளை வைத்து ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். ஒரே பேருந்து, ஒரே சாலை. உட்கார்ந்து ஓட்டிய ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தில் படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. கணக்கர் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்கட்டும். தொலைபேசி வந்தால் நின்றுகொண்டே பேசட்டும்.


கோவை ஓட்டக்காரர் | ஜனவரி 28, இரவு 9.00

ஐயா சொன்னது உண்மை. நான் என் முதல் பதிவைத் திரும்பப் படித்தேன். எனக்குப் பத்து மணிக்குத் தூங்க முடிகிறது, வீட்டுக்குப் போனால் சாப்பாடு தயாராக இருக்கிறது. அதனால்தான் நாலரை மணி எனக்கு எளிதாகிறது. கணக்கரின் நாளில் அது எடுபடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நான் கற்றுக்கொண்ட ஒன்று அவருக்கு உதவலாம். மூன்று வருடத்துக்கு முன் குதிகால் வலியில் நாலு மாதம் ஓட முடியவில்லை. ஓட முடியாவிட்டால் ஒன்றுமே வேண்டாம் என்று விட்டுவிட்டேன், எடை ஏழு கிலோ ஏறியது. அதன்பிறகு எப்போதும் இரண்டு திட்டம் வைத்திருக்கிறேன். ஒன்று நல்ல நாளுக்கு. இன்னொன்று மோசமான நாளுக்கு. மோசமான நாள் திட்டம் மிகச் சின்னதாக இருக்க வேண்டும், காய்ச்சல் தவிர வேறு எதற்கும் தள்ளிப்போடாத அளவுக்கு. எனக்கு அது இருபது பஸ்கி, பத்து நிமிட நடை. உங்கள் முதல் திட்டம் தீபாவளி இல்லாத மாதங்களுக்காகப் போட்டது. உங்கள் தொழிலில் வருடத்தில் நாலு மாதம் பண்டிகை வியாபாரம்தானே? அந்த நாலு மாதத்துக்கு என்ன செய்வது என்பதை இப்போதே எழுதி வையுங்கள்.


பள்ளிபாளையம் தறி | ஜனவரி 28, இரவு 11.50

அண்ணா, இது ரொம்ப முக்கியம். சந்தை நாளில் என்ன சாப்பிடுவீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பசியோடு பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்தால் திறந்திருப்பது பரோட்டாக் கடை மட்டும்தான். நான் இரவு ஷிப்டுக்குப் போகும்போதே இரண்டு அவித்த முட்டையும் ஒரு டப்பா சுண்டலும் எடுத்துப் போய்விடுவேன்.


ஒரு வாசகர் | ஜனவரி 29, காலை 10.10

பத்தாயிரம் அடி நடந்தால்தான் பலன் என்று என் கைக்கடிகாரம் சொல்கிறது. ஆறாயிரத்தைத் தாண்ட முடியவில்லை. வயது 62.


தஞ்சை டிரில் மாஸ்டர் | ஜனவரி 29, மதியம் 12.20

அந்தப் பத்தாயிரம் 1965இல் ஜப்பானில் விற்ற ஒரு அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. 2022இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடியிலேயே பலன் நிறைந்துவிடுகிறது. நீங்கள் நன்றாகத்தான் நடக்கிறீர்கள். பஸ்கியை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.


ஈரோட்டுக் கணக்கர் | மே 9, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

மனைவிக்குப் பிப்ரவரி முதல் வாரம் பார்த்தோம். 6.4. அன்று மாலை இருவரும் பரிசோதனை நிலையத்து வாசலில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம். அவள்தான் முதலில், "இனிமேல் ரெண்டு சமையல் கிடையாது" என்றாள்.

இப்போது என் மதியக் கேரியரில் அடுக்கு மாறிவிட்டது. முன்பு பெரிய அடுக்கில் சோறு, சின்னதில் பொரியல். இப்போது பெரிய அடுக்கில் பொரியலும் கீரையும், நடுவில் பயறு, சின்ன அடுக்கில் சோறு. தராசு தேவைப்படுவதில்லை, அடுக்கே அளவு. அரிசிம்பருப்புச் சாதம் வாரம் ஒருமுறை உண்டு, அதில் பருப்பைக் கூட்டிவிட்டாள். காய் வாங்குவது நான். ஞாயிறும் புதனும் காலையில் உழவர் சந்தை. அரிவது நானும் மூத்த மகளும். முருங்கைக் கீரை ஆய எனக்கு இன்னும் பொறுமை பத்தவில்லை, அதை மகள் எடுத்துக்கொண்டாள்.

மதியம் சாப்பிட்டதும் கடைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் பன்னிரண்டு நிமிடம் நடக்கிறேன். கடையில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். நாற்காலிப் பயிற்சி வாரம் மூன்று நாள். முதல் நாள் ஏழு தடவைக்கு மேல் எழ முடியவில்லை. இப்போது பதினைந்து பதினைந்தாக மூன்று முறை. காலை மைதானம் ஞாயிறு மட்டும், ஆசைக்காக.

சந்தை இரவுக்குத் தனித் திட்டம் எழுதிக் கல்லாப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்: எட்டு மணிக்குச் சுண்டலும் முட்டையும், பத்து நிமிடம் நடை, இருபது பஸ்கி, வேறு ஒன்றும் வேண்டாம். பதினைந்து திங்களில் இரண்டு தவறின.

போன வாரம் எடுத்தது: எனக்கு 5.9, எடை 74, இடுப்பு 93. மனைவிக்கு 6.0. முன்பு மூன்று மாதத்தில் ஐந்து கிலோ குறைந்தேன், இப்போது மூன்றுதான். ஆனால் மாடிப்படி ஏறும்போது முட்டியில் வலி இல்லை.

அடுத்து ஆடித் தள்ளுபடி வருகிறது. பயமாகத்தான் இருக்கிறது.


பெருந்துறை அடுப்படி | மே 9, இரவு 9.45

ரொம்பச் சந்தோஷம் தம்பி. ஆடி மாதத்துச் சுண்டலை நாலு டப்பாவாகப் போட்டு வையுங்கள், கடையில் சேர்ந்த அந்த இரண்டு பேருக்கும் பசிக்கும். உங்கள் மனைவி எத்தனை மணிக்கு நடக்கிறார்?


ஈரோட்டுக் கணக்கர் | மே 9, இரவு 9.58

ஏழரையிலிருந்து எட்டு வரை, பக்கத்து வீட்டு அக்காவோடு. அந்த நேரத்தில் நான் கடையில் இருப்பேன் அக்கா, அதனால் சின்னவளுக்கு வீட்டுப்பாடம் சொல்லித்தருவது மூத்தவள். ராத்திரிப் பாத்திரம் நான் வந்து கழுவுகிறேன்.